மிச்சம்

ஏழு நாளைக்கு வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் எழுதி எடுத்துவரச் சொன்னார் உணவு ஆலோசகர். சின்னப் பெண்தான், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "டீயில போடற சக்கரை, ஆபீஸ்ல யாராவது நீட்டற பிஸ்கட்டு, எல்லாம் எழுதணும் மேடம். இப்போதைக்கு எதையும் குறைக்க வேணாம். எழுதினாப் போதும்" என்றார். என் உயரம் 156 சென்டிமீட்டர், எடை 73 கிலோ. உயரத்தை மீட்டராக்கி வர்க்கம் எடுத்து, எடையை அதால் வகுத்தார். 30 வந்தது. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஐரோப்பியர்களுக்கு 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன். நமக்கு அந்தக் கோடுகளை 23, 25 என்று கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். நம் உடம்பில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, எடை அதிகம் ஏறாதபோதே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பது காரணம்.

கேள்விப்பட்டதும் அத்தை, "தைராய்டாத்தான் இருக்கும்" என்றார். உடம்பு போட்ட பெண்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தில் தைராய்டுதான். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஒழுங்காக இருந்தது. அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மகன் பாதியில் விட்டிருந்த கணக்கு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். காலை மூன்று இட்லி, சட்னி. பதினொரு மணிக்கு டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மதியம் டிபன் பாக்ஸில் சாம்பார் சாதம், கோஸ் பொரியல். சாயங்காலம் இன்னொரு டீ. ராத்திரி இரண்டு தோசை. மூன்று நாள் எழுதிவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், கூட்டாமல் இருக்க முடியாது. ஒரு நாளும் 1400 கலோரியைத் தாண்டவில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி என்பது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அதன்படி பார்த்தால் நான் இளைத்துக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

நோட்டில் ஒரு பொய்யும் இல்லை. தட்டில் விழுந்ததை எல்லாம் எழுதியிருந்தேன்.

நாலாம் நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். எல்லோரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். பாத்திரம் தேய்க்கப் போடுவதற்கு முன் ஒழித்துக்கொண்டிருந்தேன். மகன் தட்டில் பாதித் தோசை, ஓரமெல்லாம் நெய் ஊறி மொறுமொறுவென்று இருந்தது. அதை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். குண்டானின் அடியில் இரண்டு கரண்டிச் சோறு. எடுத்து வைக்கிற அளவுக்கும் இல்லை, கொட்டவும் மனசில்லை. அதிலேயே மிச்சத் தயிரை ஊற்றிப் பிசைந்து, ஒரு கையில் ஊறுகாய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, சிங்க் ஓரமாக நின்றபடியே சாப்பிட்டேன். மகள் திருப்பிக் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்தால் ஒரு வடை. அதுவும் போனது. மூன்று நிமிஷம் ஆகியிருக்குமா? கை கழுவும்போதுதான் மேடைமேல் திறந்து கிடந்த நோட்டு கண்ணில் பட்டது. 'இரவு: இரண்டு தோசை' என்று எழுதி, கீழே கோடும் போட்டு முடித்திருந்தேன்.

கோட்டுக்குக் கீழே எழுதினேன். அரைத் தோசை, இரண்டு கரண்டித் தயிர் சாதம், ஒரு வடை. தோராயமாக நானூறு கலோரி. அப்புறம் ஞாபகம் தானாகவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. காலையில் டிபன் கட்டும்போது உப்பு பார்க்கிறேன் என்று கையில் விட்டுக்கொண்ட பொங்கல். என் கணவர் பாதி குடித்துவிட்டு வைத்த காபி. முறுக்கு டப்பாவின் அடியில் கிடந்த தூள். இருபது வருஷமாக வரவிலேயே வராத ஒரு வரவு. எந்த அலுவலகமாக இருந்தாலும் இதற்குள் தணிக்கைக்காரர்கள் பிடித்திருப்பார்கள்.

உணவைக் கலோரியில் எண்ணும் பழக்கம் பரவியதில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளருக்குப் பெரிய பங்கு உண்டு. 1890-களில் கனெக்டிகட் மாநிலத்தில், உள்ளே தாமிரத் தகடு பதித்த ஒரு சிறிய அறையைக் கட்டினார். மனிதர்கள் நாள்கணக்கில் அதற்குள் தங்கினார்கள். சாப்பாடு ஒரு சிறிய திறப்பு வழியாகப் போகும். உள்ளே போனது, வெளியே வந்தது, உடம்பு வெளியிட்ட வெப்பம் எல்லாம் அளக்கப்பட்டன. ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்று பாக்கெட்டுகளின் பின்னால் அச்சாகும் கணக்கு அவருடைய வேலையிலிருந்து வந்ததுதான். நல்ல கணக்கு. ஒரே ஒரு குறை, அந்த அறைக்குள் அடுப்படி கிடையாது. குண்டானின் அடியில் மிஞ்சியதை என்ன செய்வது என்று யோசித்து நிற்கிற ஒருத்தி அங்கே இல்லை.

அந்த ராத்திரி எனக்கு அம்மா ஞாபகமாகவே இருந்தது.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எடை 40 கிலோ; என் கல்யாணப் படத்திலும் அதே உடம்புதான். அவள் சமையலில் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. ஒரு வேளைக்கு ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி. இன்றைய கணக்கில் அது 140 கிராமுக்குப் பக்கம், ஐந்நூறு கலோரி சோறு. வயலில் நின்று வந்தவர்களுக்கு அது வேண்டியிருந்தது. எண்ணெய் செக்கிலிருந்து தூக்கில் வரும். அந்தத் தூக்கு மாசம் பூராவும் வந்தாக வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்ற மாட்டாள். கத்திரிக்காய்க் காம்பை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பாள், கல் ஒரு தடவை 'ஸ்ஸ்' என்னும், அவ்வளவுதான். இதையெல்லாம் ஆரோக்கியம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. இருந்தது அவ்வளவு.

வீட்டில் எட்டுப் பேர். அளந்து போட்ட அரிசி எல்லோருக்கும் சரியாக வரும் என்று பெயர். முதலில் தாத்தா, அப்பா, சித்தப்பா. அப்புறம் பிள்ளைகள். அப்புறம் பாட்டி. எல்லோருக்கும் இரண்டாம் முறை போட்டுக் கேட்டுவிட்டு, எல்லோரும் எழுந்தபிறகு அம்மா குண்டானைப் பார்ப்பாள். சில நாள் நிறைய இருக்கும். பல நாள் கொஞ்சம். சில நாள் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். "நீ சாப்பிடலையாம்மா?" என்று கேட்டால், "எனக்கு இருக்கு, நீ போய்ப் படி" என்பாள். அந்த 'இருக்கு' எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குத் தெரிய நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

பசி என்றால் என்ன என்று அவள் தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி இந்த மாநிலத்தின் ஆட்சியையே மாற்றிவிட உதவியது என்றால், மக்கள் எந்த அளவை மனசுக்குள் வைத்து ஓட்டுப் போட்டார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். கிலோ வந்துவிட்டிருந்த காலத்திலும் ஜனங்கள் வயிற்றைப் படியில்தான் அளந்தார்கள். 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011-இல் விலையில்லாமலே வந்தது. இதைக் கேலி பேசுபவர்களோடு எனக்கு ஒத்துவராது. அரிசி இல்லாத வீட்டின் இருட்டைப் பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு அது.

ஆனால் குண்டான் நிறைந்தபிறகு ஒன்று நடந்தது. அதுவரை குண்டானே 'போதும்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. கரண்டி அடியில் தட்டுகிற சத்தம்தான் அந்தச் சொல். அது கேட்டதும் எல்லோரும் கை கழுவப் போய்விடுவார்கள். இப்போது அந்தச் சத்தம் வருவதே இல்லை. எண்ணெய் பாக்கெட்டில் வருகிறது, மூலையைக் கத்தரித்துச் சாய்த்தால் கொட்டுகிறது. பார்த்து விடுவதற்குக் கரண்டியும் இல்லை, தீர்ந்துவிடுமே என்ற பயமும் இல்லை. எங்கள் வீட்டு மளிகைச் சீட்டை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். நாலு பேருக்கு மாசம் ஐந்தரை லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராமுக்குள் இருக்கட்டும் என்று வைத்தால் நாலு லிட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு லிட்டர் எண்ணெயில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. சோற்றைக் குறை, இட்லியைக் குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தாளிக்கிற கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குன்னூரில் 1918-இல் ஓர் ஒற்றை அறை ஆய்வுக்கூடம் தொடங்கியது. தீட்டிய அரிசி தின்பவர்களுக்கு வந்த பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் தொடங்கியது. அதுதான் வளர்ந்து, பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய், நான் மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அங்கே மெக்கரிசன் எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய் என்று சீக்கியர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலிகளுக்குக் கடைசி இடம். நிறையச் சோறு, கொஞ்சம் குழம்பு, பேருக்குக் காய் என்ற அதே சாப்பாடு. நூறு வருஷத்துக்கு முன்னால் எலிகளை நோஞ்சானாக்கிய தட்டு, இன்று எங்களைப் பருமனாக்குகிறது. தட்டின் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. பருப்பும் காயும் அன்றைக்கும் ஓரத்தில்தான், இன்றைக்கும் ஓரத்தில்தான். எண்ணெய் ஏறியது, நடை குறைந்தது. நோஞ்சானும் பருமனும் எதிரெதிர் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே வீட்டில் முன்னே பின்னே பிறந்தவை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-இல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. இங்கே கோட்டை 25-இல் வைத்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். 23-இல் வைத்திருந்தால் இன்னும் ஏறும். ஆண்களில் 37 சதவீதம். அதே பெண்களில் 12.6 சதவீதம் பேர் இருக்க வேண்டியதைவிட இளைத்தவர்கள். ஆய்வறிக்கையில் இவை தனித்தனிக் கட்டங்கள். என் வீட்டில் அம்மாவும் நானும். 40 கிலோவும் 73 கிலோவும்.

சிங்க் ஓரம் நின்ற அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கு விளங்கியது இது. நானும் அம்மாவும் செய்தது ஒரே காரியம். இருவரும் கடைசியில் சாப்பிட்டோம். இருவரும் மிச்சத்தைச் சாப்பிட்டோம். அவள் குண்டானில் மிச்சம் இல்லை, என் குண்டானில் மிச்சம் தீர்வதில்லை. அவள் இளைத்தாள், நான் பெருத்தேன். இதில் என் பேராசையும் இல்லை, அவள் தியாகம் என்று நாம் பாடி வைத்திருப்பதும் பாதிதான் உண்மை. இருவருக்கும் 'இது உன் பங்கு' என்று யாரும் ஒன்றை எடுத்து வைக்கவில்லை. நாங்களும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எடையைக் குறைப்பது என்றால் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கென்று ஒரு பங்கு இல்லாத இடத்தில் எதைக் குறைப்பது? முதலில் பங்கு வேண்டும். அளவு என்பது அப்புறம்தான் வருகிறது.

அதனால் முதல் வேலையாக நானும் மற்றவர்களோடு உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு வாரம் அது பெரிய கலவரம். "தண்ணி கொண்டா" என்று சொல்ல வந்து, நான் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் பாதியிலேயே நிறுத்திக்கொள்வார். மகன் தோசை சுடக் கற்றுக்கொண்டான். அவன் தோசைகள் இந்திய வரைபடம் மாதிரி வரும், ஆனால் வெந்திருக்கும். உட்கார்ந்து சாப்பிடுவதில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய் உறைக்க இருபது நிமிஷம் வரைக்கும் ஆகும் என்கிறார்கள். நின்றுகொண்டு மூன்று நிமிஷத்தில் விழுங்குகிறவளுக்கு அந்தச் சேதி வருவதற்குள் பாத்திரமே கழுவியாகிவிடுகிறது.

அடுத்தது சோறு. நம் சாப்பாட்டுக்கு ஒரு கட்டுமானம் இருக்கிறது: சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. மூன்று குழம்புக்கு மூன்று குவியல் சோறு. இதில் ஒன்றை விட்டுவிடச் சொன்னால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. மோர் இல்லாமல் எழுந்தவளுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முறுக்கு டப்பா கூப்பிடும். அதனால் சுற்றைக் குறைக்கவில்லை, கரண்டியை மாற்றினேன். பெரிய அன்னக்கரண்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுச் சின்னக் குழிக்கரண்டி. ரசத்தை டம்ளரில் குடித்துவிடுகிறேன், சோறு கேட்பதில்லை அது. தட்டு வைத்ததும் முதலில் பாதித் தட்டுக்குப் பொரியலும் கூட்டும் விழும். சோறு வந்து உட்கார மீதி இடம். சுண்டலோ முட்டையோ ஏதாவது ஒன்று தினமும். டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை. எண்ணெய் பாக்கெட்டை வாங்கியதும் அம்மாவின் பழைய தூக்கில் ஊற்றி, கரண்டியால்தான் எடுக்கிறேன். வடை தின்கிறேன். ஒரு வடைக்கு இரண்டு கிலோமீட்டராவது நடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தபிறகு ஒரு வடைதான் தின்கிறேன்.

கடினமானது இதெல்லாம் இல்லை. ஓர் ஆழாக்கு அரிசியைக் குறைத்துப் போடுவதுதான் கடினமாக இருந்தது. கை நடுங்கியது என்றால் மிகையாகத் தோன்றும், ஆனால் டப்பாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். யாராவது வந்துவிட்டால்? அந்தக் கேள்வி அம்மாவுடையது, பாட்டியுடையது. எங்கள் ஊரில் ஆற்றுப்பக்கம் போகிற யாரும் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்றுவிடலாம். அவருக்காக ஒரு பங்கு எப்போதும் உலையில் விழும். திருச்சியில் என் வீட்டுக்குப் போன் பண்ணாமல் யாரும் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பங்கு தினமும் விழுந்துகொண்டிருந்தது. வராத அந்த விருந்தாளியின் சோற்றை இத்தனை நாளும் சாப்பிட்டு வந்தவள் நான்தான்.

கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். அது சரிதான். ஆனால் வேண்டாத இரண்டு கரண்டிச் சோறு என் வயிற்றுக்குள் போய்விட்டால் மட்டும் வீணாகாமல் போய்விடுமா? அது என்னிடம் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பாக, முழங்காலில் வலியாக, மாசாமாசம் மாத்திரைச் செலவாகத் தங்குகிறது. இப்போது மிச்சத்தை நாங்கள் உட்காரும் முன்னாலேயே எடுத்துச் சின்ன டப்பாவில் மூடிவிடுகிறேன். காலையில் தண்ணீர் விட்ட பழையது, இல்லாவிட்டால் மதியம் எலுமிச்சை சாதம். மூடி போட்ட பாத்திரம் கூப்பிடுவதில்லை. திறந்த பாத்திரம்தான் கூப்பிடும்.

ஆறு மாசத்தில் ஐந்து கிலோ. அந்த ஆலோசகப் பெண்ணுக்குச் சந்தோஷம். அத்தைக்கு இன்னும் சந்தேகம். இதில் இரண்டு மாசம் எடை அசையவே இல்லை, காரணமும் தெரியவில்லை. உடம்பு கணக்குப்பிள்ளை இல்லை. நாம் எழுதிய வரவு செலவை அப்படியே ஏற்றுக்கொள்ளாது.

போன மாசம் அம்மா வந்திருந்தாள். ராத்திரி ஐந்து தட்டு வைத்தேன். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், பரிமாறத் தயாராக.

"நீ உட்காரும்மா."

"நீங்க சாப்புடுங்கடி. நான் அப்பறம் சாப்புட்டுக்கறேன்."

கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். தரையில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்ததில் கால் தரைக்கு எட்டவில்லை அவளுக்கு. பாதித் தட்டுக்கு அவரைக்காய்ப் பொரியல் வைத்தேன். இவளுக்கு எடை கூட வேண்டும். பருப்பில் நெய்யைத் தாராளமாக விட்டேன். குழிக்கரண்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"எவ்வளவு போடட்டும்மா?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பேரைச் சொல்லி, கழுத்தை நீட்டி மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தபடி கேட்டாள்.

"குண்டான்ல எவ்வளவு இருக்கு?"